ஓதின அரிசியும் பொலிகிராஃபும்: பொய்யைப் பிடிக்கிற மெஷின் உண்மையில் எதைப் பிடிக்குது?

எங்கட மூத்தம்மா ஒரு கதை சொல்லுவா. அவ கலியாணம் முடிச்ச புதுசுல நடந்தது. வெள்ளாமை வெட்டுற காலம். வீட்டில் பத்துப் பதினைஞ்சு பேர் வேலைக்கு நிக்கிறாங்க. அந்த நேரம் பார்த்து அவட மோதிரம் ஒண்டு காணாமப் போச்சு. தேடாத இடமில்ல. மறுகா ஊரில் இருந்த ஒரு பெரியவரைக் கூட்டி வந்தாங்க. அவர் ஒரு பிடி பச்சரிசிக்கு ஓதி, வேலைக்கு நிண்ட எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்து, "நல்லா மெண்டு துப்புங்க" எண்டாராம். எடுக்காத ஆளுக்கு அரிசி ஈரமா வரும். எடுத்தவனுக்கு மாவு போலக் காய்ஞ்சு வரும். அதுதான் கணக்கு.

ஒரு பொடியனுக்குத்தான் காய்ஞ்சு வந்தது. பதினாறு, பதினேழு வயசு. வெளியூர்ப் பொடியன், வாப்பா இல்லாதவன். அரிசி குடுக்க முந்தியே எல்லார்ட கண்ணும் அவனிலதான் இருந்தது எண்டு மூத்தம்மா சொல்லுவா. அவனுக்கு அடிக்கல்ல, பொலிஸுக்கும் குடுக்கல்ல. ஆனா அண்டைக்கு ராவே கூலியும் வாங்காமப் போயிட்டான். அடுத்த போகத்துக்கு விதைநெல் எடுக்கிறதுக்கு மூடையை அவிழ்க்கக்குள்ள மோதிரம் உள்ளுக்கிருந்து விழுந்தது. நெல்லு அள்ளக்குள்ள விரல்ல இருந்து கழண்டிருக்கு.

"எடுக்காதவனுக்கு ஏன் மூத்தம்மா வாய் காய்ஞ்சது?" எண்டு நான் கேட்டிருக்கிறன்.

"பயந்துதான் மனே" எண்டா.

பொய்யறியும் கருவியைப் பற்றி நூறு வருசமாக நடந்த சோதனைகளை வாசிக்கும்போது எனக்கு இந்தப் பதில்தான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. படங்களிலும் யூடியூப்பிலும் நாம் பார்க்கிற அந்த மெஷின், வயர், துடிக்கிற கோடு எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அந்தப் பச்சரிசி செய்த வேலையைவிட எவ்வளவு தூரம் மேலானது? இதை வெறும் அபிப்பிராயமாகப் பேசத் தேவையில்லை. ஆட்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

எண்ணெயில் கை வைத்த காலம்

அரிசி மெல்ல வைக்கிற வழக்கம் எங்கட ஊருக்கு மட்டும் சொந்தமானதல்ல. இந்தியாவிலும் சீனாவிலும் பழைய காலத்திலேயே இருந்தது. அதற்குப் பின்னால் கொஞ்சம் உடலியலும் இருக்கிறது. பயம் வந்தால் நெஞ்சு வேகமாக அடிக்கும், கை வேர்க்கும், உமிழ்நீர் குறையும். களவெடுத்தவன் பயப்படுவான், ஆகவே அவன் வாய் காயும் என்பது அதன் தர்க்கம். பயப்படுகிறவன் எல்லாரும் களவெடுத்தவனா என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

எங்கட நாட்டில் இதைவிடக் கடுமையான முறையும் இருந்தது. 1660இல் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்துக்குள் கிட்டத்தட்ட இருபது வருசம் கைதியாக இருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், தப்பிப் போய் 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். தீர்க்க முடியாத வழக்குகளில் இரண்டு தரப்பும் கொதிக்கிற எண்ணெயில் விரலை விட்டுச் சத்தியம் பண்ணுகிற வழக்கத்தை அதில் அவர் எழுதியிருக்கிறார். யாருடைய கை வெந்துபோகிறதோ அவர் பொய்யர்.

இதை வாசித்து இப்ப நாம் சிரிக்கலாம். ஆனால் அந்த ஆட்கள் தேடினதும் நாம் இப்ப தேடுகிறதும் ஒன்றுதான். மனிசன்ட வாயை நம்ப ஏலாது. அவன் உடம்பு தானாகவே உண்மையைக் காட்டிக்கொடுக்க வேணும். மெஷின் அந்த ஆசையில் இருந்துதான் வந்தது.

பெர்க்லியில் ஒரு மாணவியர் விடுதி

1921. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெர்க்லி என்கிற நகரம். அங்கே ஒகஸ்ட் வோல்மர் என்கிற பொலிஸ் தலைவர் இருந்தார். சந்தேக நபர்களை அடித்து உதைத்து வாக்குமூலம் வாங்குவது அந்தக் கால அமெரிக்கப் பொலிஸில் சர்வசாதாரணம். வோல்மர் அதை வெறுத்தார். விஞ்ஞான முறையில் விசாரிக்க வேண்டும் என்று நினைத்தார். அவருக்குக் கீழே ஜோன் லார்சன் என்றொருவர் வேலை செய்தார். உடலியலில் முனைவர் பட்டம் பெற்ற பொலிஸ்காரர். ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் ஒரே நேரத்தில், நகர்ந்துகொண்டேயிருக்கிற தாளில் கோடாகப் பதிகிற ஒரு கருவியை லார்சன் கட்டினார்.

இந்த இடத்தை நாம் நியாயமாகப் பார்க்க வேண்டும். மெஷின் கெட்ட நோக்கத்தில் பிறக்கவில்லை. அடிக்குப் பதிலாகத்தான் அது வந்தது.

அதன் முதல் பெரிய வழக்கு பல்கலைக்கழக மாணவியர் விடுதியில் நடந்த களவு. காசு, மோதிரம், உடுப்பு என்று சாமான்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. மாணவிகளை ஒவ்வொருவராக மெஷினில் இருத்திக் கேட்டார்கள். ஒரு மாணவி இடையில் கோபப்பட்டு எழும்பிப் போனார். பிறகு தொடர்ந்து விசாரிக்கப்பட்டு, கடைசியில் எடுத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். அந்த விடுதியில் விசாரிக்கப்பட்ட இன்னொரு மாணவியைத்தான் லார்சன் பிறகு கலியாணம் முடித்தார்.

அதே காலத்தில் கிழக்குக் கரையில் வில்லியம் மார்ஸ்டன் என்கிற உளவியலாளர், ரத்த அழுத்தத்தை வைத்து மட்டும் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வொஷிங்டனில் கொலைக் குற்றம் சுமத்தப்பட்ட ஜேம்ஸ் ஃப்ரை என்கிற இளைஞரைச் சோதித்து, இவர் உண்மை பேசுகிறார் என்றார். நீதிமன்றம் அதைச் சாட்சியமாக எடுக்க மறுத்தது. 1923 டிசம்பரில் மேல்நீதிமன்றமும் மறுத்தது. ஒரு விஞ்ஞான முறை அந்தத் துறையில் உள்ளவர்களாலேயே பொதுவாக ஏற்கப்பட்ட பிறகுதான் வழக்குக்குள் வரலாம் என்ற விதி அந்தத் தீர்ப்பில் இருந்து பிறந்தது. மார்ஸ்டனின் பெயர் இண்டைக்கு வேறொரு காரணத்துக்காக ஞாபகத்தில் இருக்கிறது. 1941இல் 'வொண்டர் வுமன்' என்ற கதாபாத்திரத்தை உருவாக்கியவர் அவர்தான். அவளுடைய கயிறு யாரைக் கட்டினாலும் அவர் உண்மை பேசியே ஆக வேண்டும். நிஜத்தில் கிடைக்காத மெஷினை அவர் சித்திரக்கதையில் செய்துகொண்டார்.

மெஷினை வியாபாரமாக்கியவர் லார்சனோடு பழகிய லியோனார்ட் கீலர். பெட்டிக்குள் அடக்கித் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கருவிக்கு 1931இல் காப்புரிமை பெற்றார். வங்கிகள், கடைகள், கம்பெனிகள் தங்கள் ஊழியர்களை அதில் இருத்தத் தொடங்கின. லார்சன் இதை விரும்பவில்லை. மெஷின் திரும்பவும் ஆட்களை மிரட்டுகிற ஆயுதமாகப் போய்விட்டது என்று பார்த்தார். வயசான காலத்தில், தான் உண்டாக்கினதைத் தானே ஃபிராங்கன்ஸ்டைனின் அரக்கனுக்கு ஒப்பிட்டார். கண்டுபிடித்தவரே கைவிட்டாலும் மெஷின் நிற்கவில்லை.

அது அளக்கிறது என்ன?

பொலிகிராஃப் என்றால் 'பல கோடுகளை எழுதுவது' என்றுதான் அர்த்தம். நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டுகிற குழாய் மூச்சை அளக்கும். கையில் கட்டுகிற பட்டி பிரஷரையும் நாடியையும் அளக்கும். விரலில் மாட்டுகிற தகடு வேர்வையால் தோலில் உண்டாகிற மின் மாற்றத்தை அளக்கும். இவ்வளவுதான். 'பொய்' என்று ஒரு கோடு அதில் இல்லை. பொய் சொல்லும்போது மட்டும் உடம்பில் நடக்கிற, வேறு எப்பவும் நடக்காத ஒரு மாற்றத்தை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அப்ப பொய்யை எப்படிச் சொல்கிறார்கள்? கேள்விகளை வைத்து. "அந்தக் காசை நீ எடுத்தியா?" என்பது வழக்குக் கேள்வி. அதுக்கு நடுவில், "உன்ட வாழ்க்கையில எப்பவாவது உன்னை நம்பின ஆளை ஏமாத்தியிருக்கியா?" என்பது போல ஒரு பொதுக் கேள்வியும் வரும். பொதுக் கேள்விக்கு எல்லாரும் கொஞ்சம் நெளிவோம். எடுக்காதவன் பொதுக் கேள்விக்கு அதிகம் பதறுவான், எடுத்தவன் வழக்குக் கேள்விக்கு அதிகம் பதறுவான் என்பது இந்த முறையின் அடிப்படை.

இப்ப நீங்கள் அந்தக் கதிரையில் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். நீங்கள் எடுக்கவில்லை. ஆனால் வேலை, மானம், ஊரில் தலைகாட்டுவது எல்லாம் அந்த வழக்குக் கேள்வியில்தான் தொங்குகிறது. எந்தக் கேள்விக்கு நெஞ்சு படபடக்கும்?

சோதித்தவர்களைச் சோதித்தபோது

1986இல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி ஒரு வேலை செய்தது. நியூயோர்க்கில் ஒரு புகைப்படச் சஞ்சிகையின் அலுவலகத்தில் கமரா ஒன்று களவு போனதாகச் சொல்லி, தொலைபேசிப் புத்தகத்தில் இருந்து பொலிகிராஃப் நிபுணர்களைத் தேர்ந்தெடுத்துக் கூப்பிட்டார்கள். உண்மையில் களவே நடக்கவில்லை. சோதிக்கப்பட்ட ஊழியர்கள் எல்லாருக்கும் அது தெரியும். ஒவ்வொரு நிபுணரிடமும், எங்களுக்கு இந்த ஆளில்தான் கொஞ்சம் சந்தேகம் என்று ஒவ்வொரு ஊழியரின் பெயரை மெதுவாகப் போட்டுவிட்டார்கள். ஒரு நிபுணருக்குச் சொன்ன பெயரை மற்றவருக்குச் சொல்லவில்லை.

ஒவ்வொரு நிபுணரும் தனக்குக் காதில் போடப்பட்ட அதே ஆளைத்தான் பொய்யர் என்று அடித்துச் சொன்னார்.

இதை வாசித்தபோது எனக்கு அந்த வெளியூர்ப் பொடியன்தான் நினைவுக்கு வந்தான். கோடு தாளில் இருக்கிறது. அதன் அர்த்தம் அதைப் பார்க்கிற ஆளின் தலைக்குள் இருக்கிறது. இரண்டு வருசம் கழித்து, 1988இல், தனியார் கம்பெனிகள் ஊழியர்களைப் பொலிகிராஃபில் இருத்துவதைப் பெரும்பாலும் தடுக்கிற சட்டம் அமெரிக்காவில் வந்தது.

அடுத்த சோதனை சிறைக்குள் நடந்தது. ஒஹாயோ மாநிலத்தில் ஃபிளாய்ட் ஃபே என்பவர் 1978இல் கொலைக் குற்றச்சாட்டில் பிடிபட்டார். தான் செய்யவில்லை, ஆகவே மெஷின் தன்னைக் காப்பாற்றும் என்று நம்பி, முடிவை நீதிமன்றத்தில் பயன்படுத்தவும் சம்மதித்தார். மெஷின் அவரைப் பொய்யர் என்றது. சிறைக்குப் போனார். ஏறத்தாழ இரண்டு வருசத்துக்குப் பிறகு உண்மையான ஆட்கள் யாரென்று தெரியவந்து விடுதலையானார். உள்ளே இருந்த காலத்தில் அவர் பொலிகிராஃபைப் பற்றிக் கிடைத்ததெல்லாம் வாசித்தார். மெஷின் சோதனைக்குப் போகவிருந்த 27 கைதிகளுக்கு இருபது நிமிசத்துக்குள் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். பொதுக் கேள்வி வரும்போது நாக்கைக் கடி, கால் விரலை அமத்து, அப்ப அந்தக் கோடு பெருசா எழும்பும், வழக்குக் கேள்வியின் கோடு சின்னதாத் தெரியும். தாங்கள் செய்ததை அவர்கள் ஃபேயிடம் ஒளிக்கவில்லை. அப்படியிருந்தும் 27 பேரில் 23 பேர் மெஷினைத் தாண்டிவிட்டார்கள்.

செய்யாதவர் விழுந்தார், செய்தவர்கள் தாண்டினார்கள். இது ஒரு சிறையோடு நின்ற கதையல்ல. சி.ஐ.ஏ. அதிகாரி ஓல்ட்ரிச் ஏம்ஸ் 1985இல் இருந்து சோவியத் ஒன்றியத்துக்கு இரகசியம் விற்றவர். 1986இலும் 1991இலும் பொலிகிராஃபில் இருந்து இரண்டு முறையும் தாண்டினார். சோவியத் ஆட்கள் அவருக்குக் கொடுத்த புத்திமதி ரொம்ப எளிது: நல்லா நித்திரை கொள், பதறாதே, சோதிக்கிற ஆளோடு சிரித்துப் பழகு. 1994இல்தான் பிடிபட்டார். சியாட்டில் பக்கம் பெண்களைத் தொடர்ச்சியாகக் கொன்ற கேரி ரிட்ஜ்வே 1984இல் பொலிகிராஃபைத் தாண்டி வீட்டுக்குப் போனவர். 2001இல் மரபணுச் சோதனைதான் அவரைப் பிடித்தது. 48 கொலைகளை 2003இல் ஒப்புக்கொண்டார்.

என்னை ஆகக் கூடுதலாக யோசிக்க வைத்தது வென் ஹோ லீயின் கதை. தாய்வானில் பிறந்து, அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் அணு ஆய்வுகூடத்தில் வேலை செய்த விஞ்ஞானி. சீனாவுக்கு இரகசியம் கொடுத்தவர் என்று சந்தேகம் வந்தது. 1998 டிசம்பரில் பொலிகிராஃபில் இருத்தினார்கள். தாண்டிவிட்டார், அதுவும் நல்ல புள்ளியோடு. பிறகு அதே தாள்களை எஃப்.பி.ஐ. திரும்பப் படித்து, இவர் தாண்டினார் என்று சொல்ல ஏலாது என்றது. கோடு மாறவில்லை, படித்த கண் மாறிவிட்டது. அவரைத் தனிச் சிறையில் ஒன்பது மாசம் வைத்திருந்தார்கள். 59 குற்றச்சாட்டில் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது, அதுவும் ஆவணங்களைக் கையாண்ட விதம் பற்றியது. 2000 செப்டம்பரில் நீதிபதி திறந்த நீதிமன்றத்திலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

கொஞ்சம் கணக்கு

"நூத்துக்கு நூறு இல்லாட்டியும், ஏதோ கொஞ்சமாவது பிடிக்குதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கவுன்சில் இதைத்தான் ஆராய்ந்தது. அதன் அறிக்கை 2003இல் புத்தகமாக வந்தது. தகுதியான 57 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைப் பற்றிக் கேட்கும்போது, பயிற்சி இல்லாத ஆட்களில் மெஷின் நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிட நல்லாகவே செய்கிறது, ஆனால் குறையில்லாத நிலைக்குக் கிட்டவும் வரவில்லை என்றார்கள். அந்த ஆய்வுகளின் தரமும் பெரிதாக இல்லை என்று எழுதினார்கள்.

பிறகு ஒரு கணக்குக் காட்டினார்கள். 10,000 பேர் வேலை செய்கிற இடம், அதில் 10 பேர் உளவாளிகள் என்று வையுங்கள். பத்தில் எட்டுப் பேரைப் பிடிக்கிற மாதிரி மெஷினை இறுக்கினால் 1,606 பேர் 'பொய்யர்' என்று வருவார்கள். அதில் 8 பேர்தான் உளவாளி. மிச்சம் 1,598 பேரும் அப்பாவிகள். அப்பாவிகள் விழக்கூடாது என்று மெஷினைத் தளர்த்தினால் சுமார் 40 பேர் மட்டும் விழுவார்கள், ஆனால் பத்து உளவாளிகளில் எட்டுப் பேர் தாண்டிப் போய்விடுவார்கள்.

இதை எங்கட அளவுக்குக் கொண்டு வருவம். ஆயிரம் பேர் உள்ள ஒரு இடம், ஒரே ஒரு கள்ளன். பத்துக்கு ஒன்பது தரம் சரியாகச் சொல்கிற மெஷின் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். கள்ளன் அனேகமாக விழுவான். அவனோடு சேர்ந்து மற்ற 999 பேரில் நூறு பேரும் விழுவார்கள். இப்ப கையில் நூற்றியொரு கள்ளன். யாரைப் பிடிக்கிறது? ஏற்கனவே யாரில் சந்தேகம் இருந்ததோ அவனைத்தான்.

பக்கத்து நாட்டின் தீர்ப்பு

இந்தியாவில் 2000க்குப் பிறகு பொலிகிராஃப், மருந்து ஏற்றி அரை மயக்கத்தில் பேச வைக்கிற நார்கோ சோதனை, மூளையின் மின்னலைகளைப் படிக்கிற சோதனை என்று மூன்றும் வழக்குகளில் பரவின. நார்கோ வீடியோக்கள் தொலைக்காட்சியில் ஓடின. 2008 ஜூனில் பூனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் மூளைச் சோதனையையும் ஆதாரங்களில் ஒன்றாக எடுத்து ஒரு இளம்பெண்ணுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது உலகச் செய்தியானது. உயர்நீதிமன்றம் பிறகு அவரைப் பிணையில் விட்டது. அதே வருசம் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவன இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழு, இந்த மூளைச் சோதனைகளுக்குப் போதிய விஞ்ஞான அடிப்படை இல்லை, சாட்சியமாக எடுக்கக்கூடாது என்றது.

2010 மே 5ஆம் திகதி உச்ச நீதிமன்றம் 'செல்வி எதிர் கர்நாடக மாநிலம்' வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பிரதம நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மூன்று நீதியரசர்கள். ஒருவரை அவருடைய விருப்பமில்லாமல் இந்த மூன்று சோதனைகளுக்கும் உட்படுத்தக் கூடாது. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படாத உரிமை வாய்க்கு மட்டுமல்ல, மனதுக்கும் உண்டு. சம்மதத்தோடு செய்தாலும் சோதனை முடிவை அப்படியே சாட்சியமாக எடுக்க ஏலாது. அந்தச் சோதனையின் வழியாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பொருள் சாட்சியமாகலாம்.

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். மெஷின் சொன்னது செல்லாது, கிடைத்த பொருள் செல்லும்.

தீர்ப்பு வந்தாலும் ஆசை போகவில்லை. 2024இல் கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஒரு இளம் பெண் டொக்டர் கொல்லப்பட்ட வழக்கிலும் சி.பி.ஐ. பலரைப் பொலிகிராஃபில் இருத்தியது, செய்திகள் அதையே நாள் முழுக்கப் பேசின. ஐரோப்பாவில் எல்லைக்கு வருகிற ஆட்களின் முகத்தைக் கமராவில் பார்த்துப் பொய்யைக் கணிக்கிற 'ஐபோர்டர்கன்ட்ரோல்' திட்டத்தை ஹங்கேரி, கிரேக்கம், லத்வியா எல்லைகளுக்கென்று 2016இல் தொடங்கினார்கள். எல்லையில் ஆகக் கூடுதலாகப் பதறி நிற்கிற ஆள் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பான் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்கட வாசலில்

எங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மெஷின் எங்கேயோ இருக்கட்டும், அதன் தர்க்கம் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பொலிகிராஃப் அறையில் நடக்கிற உண்மையான வேலை, "மெஷின் காட்டிக் குடுத்திட்டு, இனி ஒத்துக்கொள்" என்று சொல்லி வாக்குமூலம் எடுப்பது. பெர்க்லி விடுதியிலும் கடைசியில் வழக்கை முடித்தது வாக்குமூலம்தான். வாக்குமூலம் எவ்வளவு ஆபத்தானது என்று எங்கட பழைய சட்டத்துக்கே தெரியும். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 25ஆம் பிரிவில், பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒரு அதிகாரியிடம் சொன்னதென்றால் அந்த ஒப்புதல் செல்லும். அதை மிரட்டி வாங்கினார்கள் என்றால் நிரூபிக்க வேண்டிய பாரமும் குற்றம் சுமத்தப்பட்ட ஆளின் தலையில்தான். இந்தச் சட்டத்தில் தமிழ் இளைஞர்கள் உள்ளே போனார்கள். 2019க்குப் பிறகு எங்கட ஆட்களும் போனார்கள்.

2015இல் கொட்டதெனியாவவில் ஒரு சின்னப் பிள்ளை கொல்லப்பட்ட வழக்கை எடுங்கள். நாடே கொதித்தது. முதலில் ஒரு பாடசாலை மாணவனைப் பிடித்தார்கள். மரபணு பொருந்தவில்லை. பிறகு இன்னொருவரைப் பிடித்தார்கள். அவர் ஒப்புக்கொண்டார் என்று செய்தி வந்தது. அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. பொருந்தியது அவருடைய சகோதரனின் மரபணு. 2016இல் நீர்கொழும்பு மேல்நீதிமன்றம் தண்டித்ததும் அந்தச் சகோதரனைத்தான். மரபணுச் சோதனை இல்லாத காலமாக இருந்திருந்தால்?

2019 மேயில் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் உடுத்திருந்த உடுப்பில் கப்பலின் சுக்கான் சக்கரம் இருந்தது. பார்த்தவர்களின் கண்ணுக்கு அது தர்மச்சக்கரமாகத் தெரிந்தது. கைது செய்யப்பட்டார். அந்த நாட்களில் சாவடிகளில் இறக்கிச் சோதிக்கப்பட்ட எங்கட பொடியன்மாரைக் கேட்டுப் பாருங்கள். பையில் ஒன்றுமில்லாமலே கை நடுங்கியதென்று சொல்லுவார்கள். அந்த நேரம் அவர்களை மெஷினில் இருத்தியிருந்தால் கோடு எப்படிப் போயிருக்கும்?

சந்தேகிக்கப்படுகிற சமூகத்தில் பிறந்தவனுக்குச் செய்யாத குற்றத்துக்கும் நெஞ்சு அடிக்கும். அதைப் பதிகிற கருவிக்கு 'பொய்யறியும் கருவி' என்று பெயர் வைப்பதுதான் இந்த நூறு வருசக் கதையில் எனக்குப் பெரிய பொய்யாகப் படுகிறது.

சட்டையும் சிலம்பும்

எங்கட ஆட்களுக்கு இந்த விசயம் புதுசில்லை. யூசுஃப் நபியின் கதை எல்லாருக்கும் தெரியும். அவருடைய சகோதரர்கள் வாப்பாவிடம் அழுதுகொண்டுதான் வந்தார்கள். கண்ணீர் அசல் போலத்தான் இருந்தது, சொன்னது பொய். பிறகு அவர்மேல் ஒரு பெண் பழி போட்டபோது யாரும் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. சட்டை முன்னால் கிழிந்திருக்கா, பின்னால் கிழிந்திருக்கா என்று பார்த்தார்கள்.

எங்கட கரையில் தமிழ் ஊர்களில் வைகாசி மாசம் குளிர்த்தி நடக்கிற கண்ணகியின் கதையும் அதுதான். பாண்டியன் ஒரு பொற்கொல்லனின் பேச்சை நம்பி, விசாரிக்காமலே கோவலனைக் கள்ளன் என்று கொன்றான். கண்ணகி வந்து சிலம்பை உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்புக்குள் முத்து, இவளுடைய சிலம்புக்குள் மாணிக்கம். வழக்கு அதோடு முடிந்தது.

சட்டையும் சிலம்பும் யாருக்கும் பயப்படாது. அவற்றைத் தேடுவது கஷ்டம், நேரம் எடுக்கும், மூளையைப் பாவிக்க வேணும். ஒருத்தன்ட நெஞ்சில வயரைக் கட்டுறது அதைவிட லேசு. அதனால்தான் நாளைக்கும் யாராவது ஒரு புது மெஷினோடு வருவார்கள், கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கும் என்பார்கள். அப்ப நாம் கேட்க வேண்டியது இரண்டு கேள்வி: இதை யார், எப்படிச் சோதித்தார்கள்? செய்யாத ஆட்களில் எத்தனை பேரை இது விழுத்தியது?

மோதிரம் கிடைத்த பிறகு மூத்தாப்பா அந்தப் பொடியனைத் தேடி ஆள் அனுப்பினாராம். கிடைக்கவில்லை. வாங்காமல் போன கூலியைக் கடைசியில் பள்ளிக்குக் கொடுத்தார்கள். மூத்தம்மா அந்த மோதிரத்தைப் பிறகு போடவேயில்லை. வித்துப்போட்டா.